பருப்பைத் தொலைத்த குருவியும் பனியன் துணியும்

கதைப்பெட்டி: வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர், சென்னிமலையைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை

கையால் செய்கிற கதைப் பொம்மைகளைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதப்போக, ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினால் இதழ் முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருப்பதால் சிலதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*

கேள்வி: டீச்சர், நான் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகளில் 14 பேர் பீகார், ஒடிசா பக்கத்துப் பிள்ளைகள். பெற்றோர் எல்லோரும் பனியன் கம்பெனியில் வேலை. அந்தப் பிள்ளைகளின் ஊர்க் கதையை வகுப்பில் சொல்ல ஆசை. பாஷை தெரியாது, பொம்மை வாங்கக் காசும் கிடையாது. எங்கே ஆரம்பிப்பது?
– ஆசிரியை, திருப்பூர்

நாலு மணிக்குப் பள்ளி வாசலில் ஆரம்பியுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மாவிடமும் பாட்டியிடமும்தான் கதை இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பீகார்ப் பையன் சேர்ந்தான். ஆடியில் வந்தவன் ஐப்பசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவான், அவ்வளவுதான். புத்தகப் பையைக் கீழே வைக்கவே மாட்டான். யாராவது வந்து கூப்பிட்டால் அப்படியே எழுந்து போய்விடலாம் என்கிற மாதிரி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நான் அப்போது குடியிருந்த தெருவில் ஒரு லைன் வீடு. அதில் ஒரு பீகார் அம்மா, செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பேச்சுக் கொடுப்பேன். அவர் அரைகுறைத் தமிழிலும் கைச்சாடையிலும் சொன்ன கதை இது. போஜ்புரி பேசுகிற ஊர்களில் தெரியாத பிள்ளையே இருக்காது என்றார்.

ஒரு குருவிக்கு ஒரே ஒரு கொண்டைக்கடலை கிடைக்கிறது. அதைத் திருகையில் போட்டு உடைக்கிறது. ஒரு பாதி வெளியே வந்து விழ, மறுபாதி திருகையின் மரமுளைக்குள் மாட்டிக்கொள்கிறது. குருவி தச்சரிடம் போய், முளையைப் பிளந்து பருப்பை எடுத்துத் தரச் சொல்கிறது. ஒரு பருப்புக்காகவா என்று அவர் கையை விரிக்கிறார். தச்சரைத் தண்டிக்கச் சொல்லி ராஜாவிடம் போகிறது. ராஜா முடியாது என்றதும் ராணி, ராணியும் முடியாது என்றதும் பாம்பு, அப்புறம் தடி, நெருப்பு, தண்ணீர், யானை. யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு துளியூண்டு எறும்பு ‘சரி, வா போலாம்’ என்கிறது. எறும்பு தும்பிக்கைக்குள் ஏறிவிடுமே என்று யானை பயப்பட, யானை குடித்துவிடுமே என்று தண்ணீர் பயப்பட, அப்படியே ஒவ்வொருவராகப் பின்னாலே தள்ளிக்கொண்டு போய், தச்சர் உளியை எடுத்துவிடுகிறார்.

இதற்கு நான் செய்த சாமான்கள் இவ்வளவுதான்: எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு, அதுதான் திருகை. முளைக்கு எங்கள் அப்பா தறியிலிருந்த, ஊடை நூல் சுற்றுகிற ஒரு தார்க்குச்சி. குருவிக்கு மஞ்சள் பனியன் வேஸ்ட், உள்ளே அடைக்கவும் அதே வேஸ்ட். ராஜாவுக்கும் ராணிக்கும் பாம்புக்கும் பொம்மையே இல்லை, பிள்ளைகளே எழுந்து நின்றார்கள். பருப்பு மட்டும் நிஜப் பருப்பு. வீட்டிலிருந்து ஒரு கடலைப்பருப்பை மடித்து எடுத்துப்போய், எல்லோரும் பார்க்கும்படி தார்க்குச்சியின் ஓட்டைக்குள் போட்டேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். வகுப்பே எட்டிப் பார்த்தது.

தமிழில்தான் சொன்னேன். தச்சர் முடியாது என்று சொன்ன இடத்தில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், பாட்டாகவே: ‘கா காயீ, கா பீயீ, கா லேகே பர்தேஸ் ஜாயீ.’ அந்தப் பையன்தான். பை மடியிலிருந்து எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

என்னத்தைத் தின்பேன், என்னத்தைக் குடிப்பேன், எதை எடுத்துக்கொண்டு பரதேசம் போவேன். குருவி ஒவ்வொரு வாசலிலும் பாடுகிற வரி அது. குழாயடி அம்மா எனக்கு அந்த வரியைச் சொல்லவே இல்லை, அல்லது சொல்லி எனக்குப் புரியவில்லை. ‘பரதேசம்’ என்கிற வார்த்தை மட்டும் என் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ‘பரதேசி’ என்று திட்டுவதற்கு மட்டும் அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். பிழைக்கப் போகிற ஊருக்கு அவன் ஊரில் பெயரே அதுதான் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ஒன்பது தடவை அந்த வரியைப் பாடினோம். மறுநாள் அவன் அம்மா வாசலில் நின்று, எங்கள் பக்கத்தில் எறும்பு இல்லை, கயிறும் எலியும் பூனையும்தான் என்று திருத்தினார். அதற்கப்புறம் இரண்டு விதமாகவும் சொன்னோம்.

ஒடிசாப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ‘தபொயி’ கதை தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏழு அண்ணன்மாரோடு பிறந்த ஒரே தங்கை. அண்ணன்கள் கப்பலேறி வியாபாரத்துக்குப் போனதும் அண்ணிமார் அவளை ஆடு மேய்க்க விரட்டுகிறார்கள், தின்ன நொய்யரிசி கொடுக்கிறார்கள். கடைசி அண்ணி மட்டும் நல்லவள். ஆவணி, புரட்டாசி வாக்கில் அங்கே பெண்பிள்ளைகள் இதற்கென்று ஒரு நோன்பே இருக்கிறார்கள், நோன்பின் பெயரிலேயே நொய் இருக்கிறது. இதற்குக் கப்பல் பொம்மை செய்யலாம், வாழைமட்டையில் நன்றாக வரும். ஆனால் ஒரு கைப்பிடி நொய்யைத் தட்டில் போட்டு வகுப்பைச் சுற்றி அனுப்பினாலே போதும். பிள்ளைகள் விரலால் அளைந்து பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

*

கேள்வி: எங்கள் பள்ளியில் ‘உலகக் கதை நாள்’ கொண்டாடப் போகிறோம். நாட்டுக்கு ஒரு வேஷம் போட்டு வரும்படி பெற்றோருக்குச் சுற்றறிக்கை தயார் செய்கிறோம். ஆப்பிரிக்காவுக்கு எப்படி வேஷம் போடலாம்?
– ஆசிரியை, கோயம்புத்தூர்

சுற்றறிக்கையை அனுப்பிவிடாதீர்கள்.

20 வருஷத்துக்கு முன்னால் நானும் இதைச் செய்தவள்தான். ஆண்டு விழாவில் ‘ஆப்பிரிக்கக் கதை’ என்று போட்டு, ஒன்பது பிள்ளைகளுக்கு முகமெல்லாம் கரி பூசி, இடுப்பில் தென்னங்கீற்றுக் கட்டி, கையில் ஈட்டி கொடுத்து மேடையில் ஏற்றினேன். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளையின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து சொன்னார்: ‘டீச்சருங்க, எம்பட புள்ளைக்கு மட்டும் நீங்க மை பூசவே வேண்டியதில்லீன்னு மத்த புள்ளைக சொல்றாங்களாமுங்க.’ அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

முதலில், ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை. 50க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கிற கண்டம். கதை எந்த ஊர்க் கதை, எந்த மக்கள் சொல்வது என்று தெரியாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். கானா நாட்டு அகான் மக்களின் அனான்சி கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அனான்சி ஒரு சிலந்தி, மகா தந்திரக்காரன். உலகத்துக் கதை எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருக்கிறது. விலை கேட்டால் மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வனதேவதை, இத்தனையையும் பிடித்து வரச் சொல்கிறார். குளவிகளை எப்படிப் பிடிக்கிறான் தெரியுமா? ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டுபோய் அவற்றின் மேலே தெளித்து, ‘ஐயோ மழை, நனைந்துவிடுவீர்கள், இதற்குள் வாருங்கள்’ என்று அதே குடுக்கையைக் காலியாக்கி நீட்டுகிறான். உள்ளே போனதும் வாயை அடைத்துவிடுகிறான்.

கதைக்கு ஒரே ஒரு பொருள் வேண்டும், சுரைக்குடுக்கை. அது நம் பக்கத்துத் தோட்டங்களிலேயே காய்க்கிறது. முற்றிக் காய்ந்ததை எடுத்து, வாயை அறுத்து, உள்ளே இருக்கிற விதையில் நாலைந்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆட்டினால் குளவிச் சத்தம் கேட்கும். கதை கேட்ட பிள்ளைக்கு கானா என்றால் சுரைக்குடுக்கையும் புத்திசாலிச் சிலந்தியும் ஞாபகம் வரும், கரி வராது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் இந்தச் சிலந்தியைக் கூடவே ஜமைக்கா வரைக்கும் கொண்டுபோனார்கள், இப்போது அங்கேயும் இதே கதைதான். பெரிய வகுப்பாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு கதைக்கு ஒரு பொருள். கதை எதில் தொங்குகிறதோ அந்தப் பொருள். நாட்டைக் காட்டுகிற வேஷம் எதுவும் வேண்டாம். அன்றைக்கு அந்த அப்பா போனதிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு இது.

*

கேள்வி: ஏனுங்க டீச்சர், நம்ம அண்ணன்மார் கதையவே உடுக்கையடிச்சுச் சொல்ல ஆளில்லாம போயிட்டிருக்குது. நீங்க என்னமோ ஜப்பான், ஆப்பிரிக்கான்னு போறீங்க. ஊட்டுக்குள்ள இருக்கிறதை உட்டுப்போட்டு ஊரான் கதை எதுக்குங்க?
– விவசாயி, காங்கேயம்

ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். சின்ன வயதில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக அண்ணன்மார் கதை கேட்டவள் நான். ஒரே ஆள், ஒரே உடுக்கை. இடுப்புக் கயிற்றை அவர் இறுக்கினால் சத்தம் கீச்சென்று ஏறும், விட்டால் தணியும். அதிலேயே குதிரை ஓடும், தங்காள் அழுவாள். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுந்த ராத்திரி பெரியவர்களே தேம்பினார்கள். நான் சொல்கிற ‘ஒரு கதைக்கு ஒரு பொருள்’ அவரிடம் பார்த்ததுதான், வேறெங்கும் படித்ததில்லை.

ஆனால் வகுப்பில் நான் கண்டது வேறு மாதிரி. ஜப்பானில் ஒரு கதை இருக்கிறது. மழை ராத்திரி, ஓட்டை வீடு. கிழவனும் கிழவியும் பேசிக்கொள்கிறார்கள்: ‘ஓநாய்க்குக்கூடப் பயமில்லை, இந்த ஒழுகலுக்குத்தான் பயம்.’ வெளியே ஒளிந்திருந்த ஓநாய், ‘ஒழுகல்’ என்று தன்னைவிடப் பெரிய மிருகம் ஏதோ இருக்கிறது என்று நடுங்குகிறது. கொரியாவில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒன்று. அழுகிற குழந்தை ‘புலி வருது’ என்றாலும் நிறுத்தவில்லை, ‘இந்தா உலர்ந்த சீமைப் பனிச்சம்பழம்’ என்றதும் நிறுத்திவிடுகிறது. வாசலில் நின்ற புலி, அந்தப் பழம் எவ்வளவு பயங்கரமான மிருகமோ என்று ஓட்டம் பிடிக்கிறது.

ஜப்பான் கதையைச் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது ஒரு அலுமினியப் போசியும், மூடியில் ஊசிக் குத்துக் குத்திய ஒரு தண்ணீர்ப் பாட்டிலும்தான். சொட்டு, சொட்டு, சொட்டு. கதை பாதி போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை எழுந்து, ‘மிஸ், இதை எங்க அப்புச்சி சொல்லும், அதுல புலி வரும்’ என்றது. உண்மைதான், நம் நாட்டிலும் ஒழுகலுக்குப் பயந்த புலி உண்டு. அன்றைக்குச் சாயந்திரம் எத்தனை வீட்டில் அப்புச்சியையும் அம்முச்சியையும் பிடித்துக் கதை கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதுவரை அந்தக் கிழவர்களிடம் யாரும் கேட்டதில்லை. ஊரான் கதை போய் வீட்டுக் கதையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். பீகார்க் குருவி கதையைக் கேட்ட பிள்ளைகளிடம், பெயரை மறந்த ஈயின் கதையைச் சொல்லிப் பாருங்கள். ‘கொழுகொழு கன்னே, கன்னின் தாயே, தாயை மேய்க்கும் இடையா…’ என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்கிற கதை. அந்த பீகார்ப் பையன் எங்களிடம் முதலில் மனப்பாடம் செய்த தமிழ் அதுதான்.

ஐயா, உங்களுக்குக் கதை தெரியும் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் உட்காருங்கள். உடுக்கை இல்லாவிட்டால் பரவாயில்லை, தாம்பாளத்தைத் தட்டுங்கள்.

*

கேள்வி: ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன் மிஸ். கைப்பொம்மை செய்தால் தலை நிற்க மாட்டேன் என்கிறது, ரெண்டு நாளில் பிய்ந்துபோகிறது. சுலபமாக ஒன்று சொல்லுங்களேன்.
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

நூல் கோனில், அதாவது மில்லில் நூல் சுற்றுகிற கூம்பு அட்டையில் செய்யுங்கள். நம் பக்கத்தில் ஸ்பின்னிங் மில்லுக்கும் விசைத்தறிக்கும் பஞ்சமில்லை, காலிக் கோன் சும்மாவே தருவார்கள்.

கோனின் குறுகிய முனை கீழே, அகன்ற வாய் மேலே வரும்படி பிடியுங்கள். குறுகிய முனையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கும். அதன் வழியே தோல் உரித்துக் காயவைத்த ஒரு வேப்பங்குச்சியை விடுங்கள், கோனைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். சோளத்தட்டை வேண்டாம், நாலாவது இழுப்பில் ஒடிந்துவிடும். குச்சியின் மேல்முனையில் தலை. கோலிக்குண்டு அளவு செய்யாதீர்கள், எலுமிச்சம்பழ அளவாவது வேண்டும், கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே. பனியன் வேஸ்ட்டை இறுக்கிச் சுருட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, கழுத்தில் நூலால் எட்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். அங்கேதான் எல்லோரும் சோம்பேறித்தனம் பண்ணி நாலு சுற்றோடு விடுகிறீர்கள், அதுதான் தலை ஆடுகிறது.

அப்புறம் உடம்பு. குழாய் மாதிரி ஒரு துணி, நீளம் கோனின் உயரத்துக்குச் சமமாக. ரிப் துணி கிடைத்தால் அருமை, இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். மேல்முனையைப் பொம்மையின் கழுத்தில் கட்டுங்கள், கீழ்முனையைக் கோனின் வாயைச் சுற்றி வெளிப்பக்கம் ஒட்டுங்கள். குச்சியைக் கீழே இழுத்தால் பொம்மை கோனுக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே தள்ளினால் எட்டிப் பார்க்கும். ஒன்றாம் வகுப்புக்கு இது ஒன்று போதும், அரை மணி நேரம் ஓட்டலாம்.

பசைக்குப் புளியங்கொட்டைதான் என் விருப்பம். வறுத்துத் தோல் நீக்கி, இடித்துச் சலித்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்ச வேண்டும். நேரமில்லை என்றால் மைதா. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள். போஸ்டர் ஒட்ட அது சரி, பிள்ளைகள் வாயில் வைக்கிற பொம்மைக்கு அது விஷம். அன்றன்றைக்கு வேண்டிய பசையை மட்டும் காய்ச்சுங்கள். கண்ணுக்குப் பட்டனும் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடுவார்கள். கறுப்பு நூலில் குறுக்கும் நெடுக்குமாக நாலு தையல்.

கண்ணை வகுப்பில் வைத்துக் கடைசியாகத் தையுங்கள். நம் ஊரில் மண்குதிரைக்குக் கண் திறக்கிற மாதிரி. பொம்மை யாருடையது என்கிற சண்டை அத்தோடு தீர்ந்துவிடும், வகுப்புக்கே சொந்தமாகிவிடும். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபிறகு பள்ளிகளில் பொம்மைகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஆனால் பார்வைக்கு வருகிறவர்களுக்குக் காட்டவென்று பாலித்தீன் உறையோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிற பொம்மைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அழுக்காகாத பொம்மை கதை சொல்லாத பொம்மை.

*

கேள்வி: உக்ரைன் நாட்டுக் கையுறைக் கதையைச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பனியும் தெரியாது, கையுறையும் தெரியாது. சாக்குப்பை என்று மாற்றிவிடலாமா?
– ஆசிரியர், பல்லடம்

மாற்றாதீர்கள். பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு கையுறை தெரியாது என்கிறீர்களே!

வெளிநாட்டுப் பச்சைக்குழந்தைகளுக்குப் போடுகிற குட்டிக் கையுறை உங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் ஓவர்லாக் மிஷினில் தைப்பதுதான். தலைக்குத் தொப்பி வைத்த குளிர்ச்சட்டையும் அப்படித்தான். இதையெல்லாம் யார் போடுகிறார்கள், எதற்கு இவ்வளவு கனமான துணி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. இந்தக் கதையில் பதில் இருக்கிறது. பனிக்காட்டில் நாயோடு நடந்துபோகிற ஒரு தாத்தா கையுறையைத் தவறவிட்டுவிடுகிறார். அதற்குள் முதலில் எலி குடிபோகிறது, அப்புறம் தவளை, முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியில் கரடி. கையுறை பிதுங்குகிறது. தாத்தா தேடி வர, நாய் குரைக்க, எல்லாம் தலைதெறிக்க ஓடுகின்றன.

பெரிய கையுறை ஒன்றை ரிப் துணியில் தையுங்கள், ஒரு முழ நீளமாவது. இழுபடுகிற துணியில்தான் கதையே இருக்கிறது. ஒவ்வொரு மிருகமாகத் திணிக்கும்போது ‘இனி இடமில்லை’ என்று வகுப்பு கத்தும், அப்போதும் துணி கொடுக்கும். சாக்கு அப்படிக் கொடுக்காது. தையல் விடுமா என்று பயமாக இருந்தால் ஏதாவது ஒரு அம்மாவிடம் சொல்லி விளிம்பைப் பேட்லாக் தையல் மிஷினில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அடித்துக் கொடுத்த அம்மா, கதை முடியும்வரை வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார்.

*

கேள்வி: பொம்மை செய்ய எனக்குக் கை வராது. படம் சுமாராக வரைவேன். வேறு வழி உண்டா?
– ஆசிரியர், தாராபுரம்

இருக்கிறது. ஜப்பானில் ‘கமிஷிபாய்’ என்று சொல்வார்கள், காகித நாடகம். 1930களில் கதைக்காரர்கள் சைக்கிளின் பின்னால் ஒரு மரச்சட்டப் பெட்டியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். இரண்டு கட்டையைத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மிட்டாய் விற்று, அப்புறம் பெட்டிக்குள் படத்தை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார்கள். நம் ஊர் சேமியா ஐஸ்காரரைக் கதை சொல்ல வைத்த மாதிரி.

அட்டைப்பெட்டியில் ஜன்னல் மாதிரி வெட்டி, ஒரு பக்கவாட்டில் படத்தை உருவ ஒரு கீறல் விடுங்கள். சூட்சுமம் எழுத்தில் இருக்கிறது. முதல் படத்துக்கான வசனத்தைக் கடைசிப் படத்தின் முதுகில் எழுத வேண்டும். இரண்டாவது படத்துக்கானது முதல் படத்தின் முதுகில். முன்னாலிருந்து உருவிப் பின்னால் செருகச் செருக, சொல்ல வேண்டியது தானாக உங்கள் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். நான் முதல் தடவை படத்துக்கு நேர் பின்னாலேயே எழுதிவிட்டு, பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்து, பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னொன்று, படத்தை ஒரேயடியாக உருவாதீர்கள். பாதியில் நிறுத்துங்கள், புலியின் வால் மட்டும் தெரியட்டும்.

ராஜஸ்தானில் சித்தோர்கர் பக்கம் பஸ்ஸி என்கிற ஊரில் தச்சர்கள் ‘காவட்’ என்று கதவு கதவாகத் திறக்கிற மரப்பெட்டி செய்கிறார்கள். கதவுக்குக் கதவு படம், எல்லாம் திறந்த பிறகு நடுவில் சாமி. பெட்டியைச் சுமந்துபோய்க் கதை சொல்கிறவர் வேறு. வரைய வருகிறவர் நீங்கள், சொல்ல வருகிற ஆள் உங்கள் பள்ளியில் வேறு யாராவது இருக்கலாம். சத்துணவு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: எந்த நாட்டுக் கதையை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாமா, யாராவது கோபித்துக்கொள்வார்களா?
– வாசகி, ஈரோடு

சொல்கிறவர்களுக்கு ஒரு முறை இருந்தால் அதை மதிக்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகளில் நவஹோ மக்கள் ‘கயோட்டி’ என்கிற குள்ளநரிக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள், நூலைக் கைவிரலில் கோத்து ஆடுகிற உருவ விளையாட்டையும் அப்படித்தான். எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கும், மார்கழி வரை காத்திருப்பேன். இங்கே சாமியாடிச் சொல்கிற கதையைப் பொம்மை வைத்து வகுப்பில் சொன்னால் நம் பெரியவர்களும் முகம் சுளிப்பார்கள்தானே. சத்தியமங்கலம் மலையில் உங்களுக்குத் தெரிந்த சோளகர் பழங்குடிக் குடும்பம் இருந்தால், கதையை எடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

*

கேள்வி: பாம்பு கடிக்கிறது, நெருப்பு எரிக்கிறது என்று வந்தால் குழந்தைகள் பயப்பட மாட்டார்களா?
– ஒரு தாய், நாமக்கல்

பயப்படுவார்கள். பயந்துகொண்டே ‘இன்னொருக்கா சொல்லுங்க’ என்பார்கள். பொம்மையை மட்டும் இருட்டில் காட்டாதீர்கள்.

*

கேள்வி: அம்மா, நீங்கள் போன மாதம் எழுதிய அந்த மஞ்சள் குருவியை எங்கள் பள்ளிக்கு எடுத்து வந்து கதை சொல்வீர்களா? எங்கள் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.
– தலைமையாசிரியர், பவானி

வருகிறேன் சார். தை முடியட்டும். ஆனால் குருவி என்னிடம் இல்லை. அடுத்த வருஷம் பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் அந்த பீகார்ப் பையனின் குடும்பம் வேலை தேடி லூதியானா பக்கம் கிளம்பிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்றைக்கு, பையன் அலமாரிப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பையின் ஜிப் சரியாக மூடாமல், மஞ்சள் துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது.

தார்க்குச்சி இருக்கிறது, அதைக் கொண்டு வருகிறேன். குருவியை உங்கள் பிள்ளைகளே தைத்து வைக்கட்டும், கண்ணை மட்டும் நான் வந்த பிறகு தைக்கலாம். பருப்புக்கு உங்கள் சத்துணவுக் கூடத்தில் சொல்லி வையுங்கள். ஒன்று போதும்.